கணிப்பொறியும் காணாமற்போன பொதிகளும்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

பின்னலாடை நகரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒன்றைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஒரு பனியன் ஒருவர் கையால் முடிவதன்று. நூல் வேண்டும், நிட்டிங் வேண்டும், சாயம் ஏற வேண்டும், காம்பாக்டிங் முடிய வேண்டும், பிறகு கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பத்துக் கை மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. இவற்றுள் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். கழுத்தில் வைக்கும் ஒரு விரற்கடை லேபிள் வந்து சேராமல், தைத்து முடித்த ஆயிரக்கணக்கான பீஸ்கள் மூலையில் குவிந்து கிடந்ததை நம்மில் பலர் கண்டிருப்போம்.

கணிப்பொறிக்குள்ளும் இதே கதைதான் நடக்கிறது என்பதை நான் வகுப்பறையில் படித்தேன். ஆனால், அதை உணர்ந்தது வகுப்பறையில் அன்று. என் மாமாவின் தையல் கம்பெனியில், 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். இருபத்தாறு பேரின் வாரக் கூலி என் ஒரு விரலின் அவசரத்தால் நின்றுபோக இருந்தது. அந்தப் பிழையையும், அதன் வழியாக நான் கற்றதையும் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதி என்பது யாது?

லினக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டு வருகிறது. ஆங்கிலத்தில் இதனைப் பேக்கேஜ் என்பர். பஞ்சுப் பொதி போல இதுவும் ஒரு கட்டுதான். இக்கட்டின் உள்ளே நிரலும், அதன் கோப்புகளும் இருக்கும். மேலே ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். பொதியின் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, இது வேலை செய்ய வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்பன அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். "வேறு எந்தெந்தப் பொதிகள்" என்ற இப்பகுதியைத்தான் சார்பு என்கிறோம், ஆங்கிலத்தில் டிபெண்டென்சி.

ஏன் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியவற்றைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீண். தையல் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சாயப்பட்டறை கட்டிக்கொள்வதில்லையே! ஒரு சாயப்பட்டறை பல கம்பெனிகளுக்கு வேலை செய்து தருகிறது. அதைப்போல், இரகசியக் குறியீட்டு வேலையைச் செய்யும் ஒரே நூலகப் பொதியை நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் இடம் மிச்சம். அதைவிடப் பெரிய நன்மை, அப்பொதியில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எல்லா மென்பொருள்களும் திருந்திவிடும். தீமையும் அதே இடத்தில்தான் உள்ளது. அந்த ஒன்று போனால் அத்தனையும் போகும்.

சார்புகளிலும் வகை உண்டு. இது இல்லாவிடில் வேலையே நடவாது என்பது முதல் வகை. நூல் இல்லாமல் தையல் இல்லை என்பது போல. இது முன்கூட்டியே முழுதாக முடிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் வகை. சாயமேற்றி வந்த துணி காம்பாக்டிங் முடியாமல் கட்டிங் மேசைக்கு ஏறக்கூடாது என்பது போல. இருந்தால் நன்று என்பது மூன்றாம் வகை. இதனோடு இது சேராது என்பது நான்காம் வகை. இதனை முரண் என்பர். மேலும் ஒவ்வொரு சார்பிலும் பதிப்பு எல்லையும் இருக்கலாம். "இன்ன பொதி வேண்டும், ஆனால் இன்ன பதிப்புக்குக் கீழ்ப்பட்டதாக இருக்க வேண்டும்" என்பது அவ்வெல்லை. என்னைக் கவிழ்த்தது இந்தக் கடைசிச் சொற்றொடர்தான்.

டெபியனும் நம் பாஸும்

டெபியன் என்ற கூட்டுமுயற்சி 1993 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பட்டது. தனி முதலாளி இல்லை. உலகெங்குமுள்ள தன்னார்வலர்களே பொதிகளைக் கட்டிக் காக்கின்றனர். 2023 ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன.

இது எங்கோ வெளிநாட்டுச் செய்தி என்று எண்ண வேண்டா. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கப்பட்ட பாஸ் என்ற இந்திய இயங்குதளம் 2007 ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ்நாடு அரசு 2011 ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி என் அக்காளுக்குக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோசுக்குப் பக்கத்தில் அந்தப் பாஸும் இருந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. நானும் பள்ளி நாள்களில் அப்படித்தான். அம்மடிக்கணினி இக்கதையில் மீண்டும் வரும்.

டெபியன் குடும்பத்தில் பொதிகளைக் கையாள இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று டிபிகேஜி, மற்றொன்று ஆப்ட். டிபிகேஜி என்பது குடோன்காரரைப் போன்றது. கையில் கொடுத்த கட்டை இறக்கிவைத்துப் பதிவேட்டில் எழுதும். சீட்டில் கண்ட சார்புகள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். தானே போய்க் கொண்டுவராது. ஆப்ட் என்பது மெர்ச்சண்டைசரைப் போன்றது. ஓர் ஆர்டர் வந்ததும் நூல் எங்கே, ஜிப் எங்கே, பாலிபேக் எங்கே என்று பத்து இடத்துக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் உரிய வரிசையில் வரவழைக்கும். ஆப்ட் 1999 ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 2.1இல் முதன்முதல் இடம்பெற்றது.

இந்த வேலை பார்ப்பதற்கு எளிது, உண்மையில் கடினம். பொதிகளின் சார்புகளும் முரண்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கையில், எல்லாவற்றையும் நிறைவுசெய்யும் ஒரு சேர்க்கை உண்டா என்று காண்பது, நம் பாடத்தில் வரும் என்.பி. முழுமை வகையைச் சேர்ந்த கணக்கு என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2006 ஆம் ஆண்டில் மெய்ப்பித்துள்ளனர். எனவே, கருவி சில வேளைகளில் நாம் எதிர்பாராத விடையைத் தரும். அவ்விடையைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவது மனிதனின் பொறுப்பு.

நான் செய்த பிழை

என் மாமாவின் கம்பெனி ஒரு சிறிய ஜாப் ஒர்க் யூனிட். அங்கே வாரக்கூலி சனிக்கிழமை மாலை. சிலருக்கு ஷிப்டுக் கணக்கு. தைப்பவர்களுக்குப் பீஸ் ரேட் கணக்கு. இந்தக் கணக்கையெல்லாம் முன்பு என் அத்தை நோட்டில் எழுதி வந்தார்கள். நம் கல்லூரியில் எனக்கு முன்பு படித்த ஒருவர் எழுதித் தந்த கூலிக் கணக்கு மென்பொருளை நான்தான் அங்கே நிறுவினேன். "இனிமேல் நோட்டு எதுக்குங்க அத்தை?" என்று பெருமையாகச் சொன்னவனும் நானே. ஆறு மாதமாக நோட்டு எழுதப்படவில்லை.

அக்கணிப்பொறியில் இருந்தது டெபியன் 11. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தப் பணி 2024 ஆகஸ்டில் முடிவடைந்து, நீண்டகாலப் பராமரிப்புக் குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. எனவே டெபியன் 12க்கு உயர்த்திவிடுவோம் என்று எண்ணினேன். எண்ணம் சரியே. நாள்தான் தவறு. வியாழக்கிழமை இரவு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் கணக்கு முடிக்க வேண்டிய வாரத்தில், கைப்பேசி இணையத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

ஆப்ட் நீண்ட பட்டியல்களைக் காட்டியது. இவை புதிதாக வரும், இவை உயரும் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள். நடுவில் "இவை நீக்கப்படும்" என்று ஒரு சிறு பட்டியல். கடைசியில், தொடரலாமா என்ற கேள்வி. நான் 'ஒய்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். நீக்கப்படும் பட்டியலில் கூலிக் கணக்கு மென்பொருளின் பெயர் இருந்தது.

காரணம் மிக எளிது. அம்மென்பொருளின் சீட்டில், "பைத்தான் 3.9 முதல், 3.10க்குக் கீழ்" என்று எழுதியிருந்தது. டெபியன் 11இல் பைத்தான் 3.9, டெபியன் 12இல் 3.11. புதியது வந்தால் பழைய எல்லை உடையும். எனவே ஆப்ட் அம்மென்பொருளை நீக்கிவிட்டு மேலே சென்றது. அது மறைக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் செய்தது. நான்தான் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அத்தை போன் செய்தார்கள். "ஏங் கண்ணு, கணக்கு வந்து நிக்கிற படமே காணமே?"

நான் ஓடினேன். பழைய பொதிக் கோப்பு என்னிடம் இருந்தது. டிபிகேஜி கொண்டு அதை நிறுவ முயன்றேன். பைத்தான் 3.10க்குக் கீழ் வேண்டும், இங்கே இருப்பதோ 3.11.2 என்று சொல்லிப் பாதியில் நிறுத்தியது. இணையத்தில் தேடி, உடைந்ததைச் சரிசெய்யும் ஆப்ட் கட்டளையை இட்டேன். அது சரிசெய்த விதம் என்ன தெரியுமா? அரைகுறையாய்க் கிடந்த என் மென்பொருளை மறுபடியும் நீக்கிவிட்டது. அதன் கணக்குப்படி அதுதான் சரி. சார்பு கிடைக்காத பொதி போய்விட்டால் சிக்கல் தீர்ந்தது அல்லவா!

பிறகு மிகப் பெரிய பிழையைச் செய்தேன். சார்பைப் பொருட்படுத்தாதே என்று டிபிகேஜியைக் கட்டாயப்படுத்தி நிறுவினேன். நிறுவிவிட்டது. திறந்தால் ஒரு நொடி தோன்றி மறைந்தது. அதன் உள்ளுறுப்பு ஒன்று பைத்தான் 3.9க்கென்றே தொகுக்கப்பட்டது, 3.11 அதனை அடையாளம் காணவில்லை. பூட்டை உடைத்து உள்ளே போய்ப் பார்த்தால் வீட்டில் ஆள் இல்லாத கதை. அதோடு நின்றதா? அதன்பின் வேறு எந்தப் பொதியை நிறுவச் சொன்னாலும், முதலில் இந்த நிறைவேறாத சார்பைக் கவனி என்று ஆப்ட் மறுத்துவிட்டது.

மாமா வாசலில் நின்றுகொண்டு, "நாளைக்குச் சனிக்கிழமைன்னு தெரியுமல்லோ?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் கம்பெனியில் வாரச்சீட்டுக் கட்டும் அக்காமார்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்து கட்டிங்கில் நிற்கும் இரண்டு தம்பிகள் சனிக்கிழமை இரவே ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். கணக்குத் தெரியாமல் யாருக்கு எவ்வளவு என்று கொடுப்பது? கட்டுகளோடு வந்த சிட்டுகள் மட்டும் ஒரு சாக்கில் கிடந்தன. அவற்றை எண்ணிக் கூட்டுவதென்றால் இரண்டு நாள் ஆகும்.

ஆசிரியர் கேட்ட மூன்று கேள்விகள்

மதியம் கல்லூரிக்கு வந்து எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எந்தப் பொதி கேட்கிறது? எதை, எந்தப் பதிப்பில் கேட்கிறது? அதை இப்போது யார் தருகிறார்கள்? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் ஒரு கட்டளையும் இடாதே என்றார். அடுத்துச் சொன்னது இன்னும் முக்கியமானது: "பொறியைச் சரிசெய்வது ஒரு வேலை. கூலி கொடுப்பது வேறு வேலை. எது நாளைக்குள் நடக்க வேண்டும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மென்பொருள் போயிற்றே தவிர, கணக்கு போகவில்லை. பொதியை நீக்கும்போது பயனரின் இல்லக் கோப்புறையில் உள்ள தரவுகளை ஆப்ட் தொடுவதில்லை. கணக்குக் கோப்பு பத்திரமாக இருந்தது. தேவைப்பட்டது டெபியன் 11 உள்ள ஒரு பொறி மட்டுமே.

அக்காளின் அரசு மடிக்கணினி பரணில் இருந்தது. அதனை இறக்கி, தூசி துடைத்து, டெபியன் 11ஐ நிறுவினேன். இம்முறை பொதிக் கோப்பை டிபிகேஜியிடம் கொடுக்காமல் ஆப்டிடமே கொடுத்தேன். கோப்பு இருக்குமிடத்தைச் சுட்டிக் கொடுத்தால், அதற்கு வேண்டிய சார்புகளை ஆப்ட் தானே கிடங்கிலிருந்து கொண்டுவரும். கணக்குக் கோப்பைப் படியெடுத்துப் போட்டேன். இரவு பதினொன்றரை மணிக்குத் திரை திறந்தது. அத்தை ஓவர்லாக் தைக்கும் ஒருவரின் சிட்டுகளைச் சாக்கிலிருந்து பொறுக்கி, கையால் கூட்டி, திரையில் கண்ட தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சனிக்கிழமை மாலை வழக்கமான நேரத்தில் கூலி கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் எவருக்கும் நடந்தது தெரியாது.

அடுத்த வாரம் மென்பொருளை எழுதிய அண்ணன் மூல நிரலை அனுப்பித் தந்தார். டெபியன் 12இலேயே அதனை மறுபடியும் தொகுத்தோம். பைத்தான் 3.10இல் நீக்கப்பட்டுவிட்ட ஒரு பழைய பெயர் ஓரிடத்தில் இருந்தது, அதை மாற்றினோம். சீட்டில் பதிப்பு எல்லையைத் திருத்திக் கட்டினோம். முறையாக நிறுவப்பட்டது. ஒரு சொல்லையும் ஒரு வரியையும் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய சிக்கல் அது.

சார்புகள் ஏன் விட்டுப்போகின்றன?

பின்னர் இதைப்பற்றிப் படித்தபோது, மேம்படுத்தலின்போது பொதிகள் காணாமற்போவதற்குப் பொதுவாக ஐந்து காரணங்கள் இருப்பதாக உணர்ந்தேன்.

முதலாவது, பதிப்பு எல்லை. என் கதை இவ்வகை.

இரண்டாவது, பழைய பொதி கிடங்கிலிருந்தே விலக்கப்படுவது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 என்ற இரகசியக் குறியீட்டு நூலகத்துக்கு அதனை உருவாக்கியோர் தந்த பராமரிப்பு 2023 செப்டம்பர் 11 அன்று முடிந்தது. டெபியன் 12இலும், 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04இலும் அதன் இடத்தில் 3.0 வரிசை வந்துவிட்டது. பழையதையே கேட்கும் வெளி மென்பொருள்கள் அங்கே நிறுவ மறுத்தன. பைத்தான் 2உம் இவ்வாறே டெபியன் 12இல் முற்றிலும் விலக்கப்பட்டது.

மூன்றாவது, பெயர் மாற்றம். பழைய முறையில் 32 இருமங்களில் காலத்தைக் குறிக்கும் பொறிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று கணக்கு நிரம்பிவிடும். அதனைத் தவிர்க்க 64 இருமக் காலக் கணக்குக்கு மாறியபோது, 2024இல் வந்த உபுண்டு 24.04இலும், 2025 ஆகஸ்டு 9 அன்று வந்த டெபியன் 13இலும் பல நூலகப் பொதிகளின் பெயரின் இறுதியில் 'டி64' என்ற ஒட்டுச் சேர்ந்தது. பொருள் இருக்கிறது, பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. பழைய பெயருக்கும் நானே பொறுப்பு என்று புதிய பொதி அறிவித்திருந்தால் சிக்கலில்லை. இல்லாவிட்டால் தேடுபவருக்குக் கிடைக்காது.

நான்காவது, கிடங்கின் முகவரி. டெபியன் 12இல் வைஃபை முதலிய வன்பொருள்களுக்கான நிலைநிரல்களில் கட்டற்றதல்லாதவை தனிப் பிரிவாகப் பிரிக்கப்பட்டன. முகவரிப் பட்டியலில் அப்பிரிவைச் சேர்க்காதவர்களுக்கு அவை வந்து சேரா. காலம் முடிந்த வெளியீடுகளும் சில காலத்தின்பின் பழைய ஆவணக் கிடங்குக்கு மாற்றப்படுகின்றன. பழைய முகவரியில் தேடினால் காணோம் என்ற விடையே வரும்.

ஐந்தாவது, பாதியில் அறுந்துபோவது. மின்சாரம் நின்றாலோ, இணையம் தீர்ந்தாலோ சில பொதிகள் இறங்கியும் அமைக்கப்படாமல் நிற்கும். இதுவே எளிதில் தீரக்கூடியது.

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. 2011 ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று, நொய்யல் மாசுபாடு தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட ஆணையால் நம் ஊரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. நிட்டிங் இருந்தது, தையல் இருந்தது, ஆர்டரும் இருந்தது. நடுவில் ஒரு கண்ணி இல்லை. வெள்ளைத் துணியோடு தையல் பொறிகள் சும்மா நின்றதை மாமா இன்றும் சொல்வார். ஆனால், அக்கண்ணி தவறுதலாக விடுபட்டதன்று. ஆறு கெட்டதால் நிறுத்தப்பட்டது. தீர்வும் பழையபடி கழிவைத் திறந்துவிடுவதில் இல்லை. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு மாறுவதில்தான் இருந்தது. பராமரிப்பு நின்ற பழைய நூலகத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்துப் பொறிக்குள் திணிப்பவர்கள் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பொதி ஏன் இல்லை என்று கேட்காமல் அதனை மீட்டுக்கொணர்வது ஆபத்து.

விட்டுப்போனால் செய்ய வேண்டுவன

முதலில் கையை எடுத்துவிட வேண்டும். பொறி சொல்லும் செய்தியை முழுதாகப் படித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதில் மூன்று கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் இருக்கும்.

பாதியில் அறுந்ததாயின், அமைக்கப்படாமல் நிற்பவற்றையெல்லாம் அமைத்து முடி என்று டிபிகேஜிக்குக் கட்டளையிட வேண்டும். பின்னர் ஆப்டின் 'ஃபிக்ஸ் புரோக்கன்' வழியை இடலாம். ஆனால், அது எதை நீக்கப்போகிறது என்று காட்டும் பட்டியலைப் படித்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.

குறிப்பிட்ட பொதி எங்கே கிடைக்கும், எந்தப் பதிப்பு கிடைக்கும் என்பதை ஆப்டின் 'பாலிசி' என்ற கட்டளை சொல்லும். பொதியின் பெயர் தெரியாமல் விடுபட்ட கோப்பின் பெயர் மட்டும் தெரிந்தால், ஆப்ட்-ஃபைல் என்ற கருவி அக்கோப்பு எந்தப் பொதியில் உள்ளது என்று காட்டும். முன்னேறவிடாமல் ஏதேனும் பொதி பிடித்துவைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். நாமே எப்போதோ இது மாறக்கூடாது என்று நிறுத்திவைத்து மறந்திருப்போம்.

கிடங்கில் புதிய பெயரிலோ புதிய பதிப்பிலோ இருந்தால் அதற்கு மாறுவதே முதல் வழி. மூல நிரல் கையிலிருந்தால் புதிய தளத்தில் மீண்டும் தொகுப்பது இரண்டாம் வழி. இரண்டும் இயலாவிட்டால், பழைய மென்பொருளைப் பழைய சூழலிலேயே தனி அறையில் வைப்பது மூன்றாம் வழி. வேறொரு பொறியிலோ, ஒரே பொறிக்குள் தனித்தடுப்பான கண்டெய்னரிலோ வைக்கலாம். அதனை இணையத்திலிருந்து விலக்கி வைப்பது நல்லது. வேறு வெளியீட்டின் பொதிகளை ஒரே பொறியில் கலப்பதும், கட்டாயப்படுத்தி நிறுவுவதும் வழிகள் அல்ல. அவை இன்றைய சிக்கலை நாளைக்குப் பெரிதாக்கி வைப்பவை.

வருமுன் காத்தல்

நம் ஊரில் எந்தக் கம்பெனியும் சாம்பிள் ஒப்புதல் இல்லாமல் கட்டிங் போடுவதில்லை. ஆப்டிலும் சாம்பிள் உண்டு. எதையும் மாற்றாமல், செய்தால் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வழி அது. ஒத்திகையில் நீக்கப்படும் பட்டியலை முதலில் படிக்க வேண்டும். நான் ஒரு நிமிடம் செலவிட்டு அதைப் படித்திருந்தால் இக்கட்டுரையே பிறந்திராது.

தரவுகளை வேறிடத்தில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலை ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். கிடங்கில் இல்லாமல் வெளியிலிருந்து வந்த பொதிகள் எவை என்று தனியே குறிக்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் பிறக்கும். வட்டில் போதிய காலியிடம் வேண்டும். பழையதைப் பழைய வெளியீட்டுக்குள்ளேயே முழுதாகப் புதுப்பித்துவிட்டுப் பிறகு மேலே ஏற வேண்டும். 11இலிருந்து 13க்குத் தாண்டக்கூடாது. படிப்படியாக ஏறுவதையே டெபியன் அனுமதிக்கிறது. ஏறும்போது முதலில் எதையும் நீக்காத சிறு மேம்படுத்தல், பிறகு முழு மேம்படுத்தல் என்று இரண்டாகச் செய்ய வேண்டும். இவையெல்லாம் ஒவ்வொரு வெளியீட்டோடும் வரும் குறிப்பேட்டில் எழுதியிருக்கின்றன. படிப்பவர் குறைவு. இவற்றோடு நான் ஒன்று சேர்ப்பேன்: கூலி நாளுக்கு முன்தினம் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

முடிவுரை

2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எழுத்துகளின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் பதினொரு வரி நிரல் ஒன்றை அதனை எழுதியவர் பொதுக் கிடங்கிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். லெஃப்ட்-பேட் என்பது அதன் பெயர். உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள் கட்டுமானங்கள் சில மணிநேரம் நின்றுபோயின. அந்தப் பதினொரு வரியை நம்பியிருக்கிறோம் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

நாம் எதனைச் சார்ந்திருக்கிறோம் என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. அதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் கணிப்பொறி கற்பவனின் கடமை என்று எண்ணுகிறேன். கணிப்பொறி மாணவர் மட்டுமல்லர். வணிகவியல் பயின்று நாளைக்குக் கம்பெனிகளில் கணக்கெழுதப் போகும் நண்பர்களும் தாம் பயன்படுத்தும் மென்பொருள் எதன்மேல் நிற்கிறது என்று ஒருமுறை கேட்டுவைக்க வேண்டும்.

அத்தை மறுபடியும் நோட்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். நாளின் மொத்தத்தை மட்டும், ஒரு பக்கத்தில். "மிசினும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் கண்ணு" என்கிறார்கள். இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை அந்நோட்டோடு திரையை ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது என் வேலை.